மஞ்சள் யாருக்கு உரியது?

மங்கலத்தின் நிறம் மஞ்சள் என்பர். திருமண அழைப்பிதழின் மூலைகளில் மஞ்சள். தாலிக் கயிற்றில் மஞ்சள். கூறைப் புடவையின் ஓரத்தில் மஞ்சள். அந்த மஞ்சளைக் கணவனை இழந்தவளின் முகத்திலிருந்தும் உடையிலிருந்தும் பறித்துவிட்டு, ‘மரபு’ என்னும் ஒரு சொல்லால் வாயடைப்போர் இன்றும் உளர். அம்மரபு எத்தகையது என்று வடவேங்கட எல்லையிலேயே நின்று கேட்போம்.

2022-ஆம் ஆண்டு சித்தூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் உள்ளது திருக்காளத்தி. மூங்கில் எழுதுகோலால் துணியில் புராணங்களைத் தீட்டும் கலங்காரிக் கலைக்குப் பேர்போன ஊர் அது. அக்கலைஞர் கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சட் சாயம் எடுப்பர். தேவர்க்கு நீலம், அரக்கர்க்குச் சிவப்பு, பெண்ணுருவுக்கு மஞ்சள் என்பது அவர்தம் வழிவழி வந்த வண்ண முறை. கணவன் உயிரோடிருப்பவளுக்கே மஞ்சள் என்று அம்முறை வகுக்கவில்லை. பெண்ணாக இருத்தலே அதற்குப் போதுமான தகுதி.

திருப்பதிக்கு வருவோம். கங்கையம்மன் திருவிழாவில் ஆடவர் சேலை உடுத்தி, பூச்சூடி, பெண்வேடம் பூண்டு நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். அதைப் பக்தி என்று போற்றுகிறோம். ஓர் ஆண் மங்கலக் கோலம் பூண்டால் பக்தி. ஒரு கைம்பெண் மஞ்சட் சேலை உடுத்தினால் பழியா? மலைமேல் நிற்கும் திருமாலுக்குப் பீதாம்பரன் என்பது பெயர். பீதம் என்றால் மஞ்சள் அன்றோ? அவனுக்கு நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்துவைக்கிறோமே, முடிந்தவள் சுமங்கலியா என்று அவன் உண்டியல் கேட்பதுண்டா?

மஞ்சள் கிருமியைக் கொல்லும், மேனிக்கு நலம் தரும் என்று அறிவியல் பேசுவோரும் உளர். நன்று. அவ்வாறாயின் கணவன் இறந்த அன்றே மனைவியின் மேனிக்கு நலம் வேண்டாததாகிவிடுமா?

நிறத்துக்கு இயல்பாக நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பழைய உரோமாபுரியில் மணமகளின் முகத்திரை மஞ்சள். இடைக்கால ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பொதுமகளிர்க்கும் யூதர்க்கும் இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டதும் மஞ்சளே. சிங் மரபினர் ஆண்ட சீனத்தில் ஒளிர்மஞ்சள் அரச குடும்பத்தின் தனியுரிமை. ஏன், நம்மூரில் கடன் தீர்க்க இயலாதவன் கொடுப்பதும் ‘மஞ்சள் கடுதாசி’தானே! அந்தந்த நாட்டில் அதிகாரம் பெற்றோர் எவரோ அவரே நிறத்துக்குப் பொருள் வகுத்தனர். மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம்.

கைம்மை நோன்பு தொன்மையானது என்பீர்கள். உண்மை. அதன் கொடுமையைப் பூதப்பாண்டியன் தேவி புறநானூற்றிலேயே எடுத்துரைத்தாள் என்பதும் உண்மை. நோன்பு எவ்வளவு பழையதோ, அதற்கெதிரான குரலும் அவ்வளவு பழையது. கைம்பெண் மறுமணத்துக்கு 1856-இல் சட்டம் வழிவிட்டது. 1881-இல் இராசமகேந்திரவரத்தில் வீரேசலிங்கம் அத்தகைய மணத்தை நடத்தியும் காட்டினார். மறுமணத்துக்கே வழி பிறந்த பின்னும், ஒரு முழம் மஞ்சள் துணிக்கு ஊரார் இசைவு வேண்டும் என்பது நாணத்தக்கதன்றோ?

தமிழன்பர்களே! மேடையில் பெண்ணைத் தாயென்றும் தெய்வமென்றும் வாழ்த்துவது எளிது. உங்கள் இல்லத்தில் அடுத்த திருமணம் நிகழும்போது, கைம்பெண்ணாகிய தாயையோ தமக்கையையோ பின்கட்டில் அமர்த்தாதீர்கள். மஞ்சட் சேலை உடுத்தி, மஞ்சள் தட்டைத் தன் கையால் அவள் எடுத்துத் தரட்டும். அதைக் கண்டு விலகிச் செல்பவர் உளராயின், அவர் விலகட்டும்; அவள் விலகவேண்டியதில்லை.