கன்று வளர்ப்பும் கூடைப்பந்தும்

கன்றுக்குட்டியை வாங்கிப் பசுவாக்கி விற்கும் உப்புவெளிக்காரர் ஒருவரிடம், "இலாபம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்து உடனே சொல்லிவிடமாட்டார். தவிடு, புண்ணாக்கு, மேய்ப்பவன் கூலி அனைத்தையும் விரல்விட்டு எண்ணிய பின்னரே வாய் திறப்பார். கணினியிலே கூடைப்பந்துக் கழகம் நடத்தும் நம் மாணவர்கள் இந்தக் கணக்கை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

2007இல் தொடங்கிய 'பஸர்பீட்டர்' என்னும் இணைய விளையாட்டையே இங்கு குறிப்பிடுகின்றோம். இதில் பந்தை எறிபவர் நாமல்லர். நாம் கழகத்தின் முகாமையாளர். பதினெட்டு வயது இளைஞனை ஏலத்தில் எடுத்துப் பயிற்றுவித்து, விலை ஏறியதும் விற்கலாம். அங்கே புழங்குவது ஏட்டுப் பணந்தான். ஆயினும் கூட்டலும் கழித்தலும் மெய்யானவை.

பயிற்சியின் பலன் வாரத்துக்கு ஒரு முறையே கிட்டும். அதுவும், பயிற்சிக்குரிய இடத்தில் 48 நிமிடம் ஆடியவனுக்கே முழுமையாகச் சேரும். ஓர் ஆட்டத்தின் நேரமும் 48 நிமிடமே. வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள். ஆகவே ஓரிடத்துக்கு மட்டும் பயிற்சி அளிப்பவர் மூன்று இளைஞரையே முழுமையாக வளர்க்கலாம். ஆறு பேரை வளர்க்க விரும்பினால் ஈரிடப் பயிற்சியைத் தேர்ந்துகொள்ளலாம், வளர்ச்சி மெதுவாகும். பேராசைக்கு விளையாட்டே வரம்பு கட்டியிருக்கிறது!

வயது குறைந்தவன் விரைந்து கற்பான். நெட்டையன் வளையத்தின் கீழ் நின்று ஆடும் வித்தைகளை விரைந்து கற்பான். ஆனால் அந்த நெட்டையனுக்குப் பந்தைக் கொண்டு செல்லவும் தெரிந்திருந்தால் மதிப்பு உயரும். அதைக் கற்பிக்க வேண்டுமாயின், குட்டையர் ஆடும் பின்வரிசையில் அவனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆட்டம் தோற்கும்; தோற்றால் இரசிகர் குறைவர்; நுழைவுச்சீட்டு வருமானம் சுருங்கும். இளைஞனை வளர்ப்பதன் உண்மையான செலவு இதுவே. கணக்கில் எவரும் எழுதாத செலவும் இதுவே.

ஒருவனை 100,000க்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாரச் சம்பளம் 3,000. ஒரு பருவம் 14 வாரம். இரண்டு பருவத்துக்குச் சம்பளமே 84,000 ஆகிவிடும். திறமை வளர்ந்தால் அடுத்த பருவத்தில் சம்பளமும் கூடும் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 150,000க்கு விற்றுவிட்டு "ஐம்பதாயிரம் இலாபம்" என்று துள்ளுகிறவன், மெய்யாக 34,000 இழந்தவன். பயிற்றுநரின் ஊதியத்தையும் தோற்ற ஆட்டங்களையும் சேர்த்தால் இன்னும் மோசம்.

மெய்யான விளையாட்டுலகிலும் வளர்த்தவருக்குக் கணக்கு உண்டு. ஓர் உதைபந்தாட்ட வீரன் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அத்தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி.

நம் கிழக்கு மாகாணத்திலோ, எந்த ஏட்டிலும் பற்று எழுதாமல் கூடைப்பந்து வளர்த்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜீன் ஹெபேர் அவர். திருகோணமலையிலும் பணியாற்றியவர், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியைப் பயிற்றுவித்துப் பெயர்பெறச் செய்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், போர்க்காலத்தில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் வழியிலே காணாமற் போனார். அவரிடம் பயின்றவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதினர். அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருப்பின், மாணவர்களே, தோற்கும் தறுவாயிலுள்ள ஆட்டத்தில் புதுப் பையனை எத்தனை நிமிடம் களத்தில் விட்டுவைப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.