அட்டைப் படம் சாட்சி சொல்லுமா?

"அம்மா, பறக்கும் தட்டு நிஜம்தான். இதோ பாரு, படமே போட்டிருக்கான்!" என்று உங்கள் பிள்ளை ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் என்ன சொல்வீர்கள்? "சீ, எல்லாம் புளுகு" என்று அதட்டினால், கேள்வி கேட்கிற பழக்கமே போய்விடும். படத்தைப் பார்த்து ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிற குழந்தைக்கு அந்த அதட்டல் தைரியமும் தராது. பதிலுக்கு ஒரு கதை சொல்லுங்களேன். நடந்த கதைதான்.

1947 ஜூன் 24. அமெரிக்காவில் கென்னத் அர்னால்டு என்பவர் தம் சிறிய விமானத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஒன்பது பொருள்கள் பளபளவென்று மின்னியபடி வேகமாகப் பறப்பதைப் பார்த்தார். அவர் கணக்குப்படி, இருபது மைலுக்கு மேல் தொலைவு! தண்ணீர்மேல் வீசிய தட்டு தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் பறந்தன என்றுதான் தாம் சொன்னதாக 1950-ல் விளக்கினார். போன விதத்தைச் சொன்னார். பத்திரிகைகள் அதை உருவமாக்கி, 'பறக்கும் தட்டு' என்று பெயரும் வைத்துவிட்டன. ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்தது முழு வட்டமே இல்லை. முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் குறுகின வடிவம்.

1948-ல் 'ஃபேட்' என்ற பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. உள்ளே அர்னால்டே எழுதிய கட்டுரை. அட்டையிலோ, விமானத்தின் பக்கத்திலேயே பெரிய பெரிய வட்டத் தட்டுகள்! இருபது மைல் எங்கே போயிற்று? ஓவியர் என்ன, விமானத்திலா உட்கார்ந்திருந்தார்? கடையில் பார்த்ததும் கை நீள வேண்டும். அதற்காகப் போட்ட படம் அது. பிறகு வந்த எத்தனையோ புத்தக அட்டைகளிலும் அதே வட்டத் தட்டுதான்.

விடுமுறையில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம். அட்டையை மறைத்துவிட்டு, பார்த்தவர் சொன்னதை மட்டும் வாசியுங்கள். குழந்தைகள் ஆளுக்கொரு படம் போடட்டும். பிறகு அட்டையைக் காட்டுங்கள். "யார் பார்த்தது? எவ்வளவு தூரத்திலிருந்து? படம் போட்டது யார்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பயம் தானாகவே பாதி குறைந்துவிடும்.

அர்னால்டு பார்த்தது என்னவாகவும் இருக்கட்டும். கண்ணால் பார்த்தவர் சொன்னது வேறு, விற்பதற்காக வரைந்தது வேறு. இது புரிந்த பிள்ளை, நாளைக்கு சத்துமாவு டப்பாவில் கொழுகொழு குழந்தையைப் பார்த்தாலும், "அம்மா, உள்ளே என்ன இருக்குன்னு முதல்ல படி" என்று நமக்கே சொல்லும்!