கள்ளத்தராசும் கைப்பேசியும்



சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் நம் சபையின் வாலிபர் ஒருவர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் கேட்டார்: "ஐயா, சூதாட்டக் கூடத்தில் விழுந்த சீட்டுகளை மனத்தில் எண்ணுவது குற்றமில்லையாம். அதையே கைப்பேசி எண்ணித் தந்தால் மட்டும் குற்றமா?"

ஆம், குற்றமே. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1985இலேயே இதைத் தண்டனைக்குரியதாக்கியது. மனக்கணக்கை விட்டுவிட்டு, கருவியைத் தடுத்தது. சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டுச் சூதாட்டக் கூடச் சட்டமும், கூடத்தாரின் அனுமதியின்றிச் சீட்டுகளை எண்ணவோ பதியவோ கருவியைப் பயன்படுத்தலாகாது என்கிறது. அங்கே தண்டிக்கப்பட்டால், வேலையும் போகும்; கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரின் நம்பிக்கையும் போகும்.

நம் தேசத்திலும் இக்கேள்வி பழையதே. விழும் சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. அந்த வழியிலேயே, தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையே தடை செய்தது. அச்சட்டம் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை. அதனால் ஆட்டம் தீங்கற்றதாகிவிடாது.

நினைவாற்றல் தேவன் தந்த தாலந்து. அதை மறைக்க வேண்டியதில்லை. கருவியையோ சட்டைக்குள் ஒளிக்க வேண்டியிருக்கிறது. ஒளிக்கும் அந்தக் கையே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. "கூடத்தாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள்தானே?" என்பீர்கள். ஆட்டவிதி அவர்களுக்கே சாதகமானது என்பது மெய். அதை அறிந்தவர் விலகி நிற்பதே ஞானம்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்கி வரும் உழவர் தராசு முள்ளையே பார்த்து நிற்பார். எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் அவர் உழைப்பு களவாடப்படுகிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று வேதம் போதிக்கிறது. வியாபாரியின் தராசுக்கு ஒரு நீதி, நம் கைப்பேசிக்கு வேறொரு நீதி உண்டோ?

அந்த வாலிபரிடம் நான் சொன்னது இதுவே: "தம்பி, அந்தக் கூடத்திற்குள் போகவே வேண்டாம். மாதச் சம்பளத்தை எண்ணுங்கள். அதற்கு எந்தக் கருவியையும் ஒளிக்க வேண்டியதில்லை."

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.