சிம்பல் எறியாத பக்கவாத்தியம்

ஜாஸ் வாசிக்கிறவனுக்குப் பெரிய பிரச்னை பாட்டு இல்லை, ஆள்! சாக்ஸபோன் இருக்கிறது. கற்பனையும் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசிக்க மூன்று பேர் வேண்டுமே? ராத்திரி பதினோரு மணிக்கு, நீங்கள் ஒரே இடத்தில் நாற்பது தடவை தடுக்கி விழுவதற்கு எவன் கூட வாசிப்பான்?

1967-ல் ஜேமி ஏபர்சோல்ட் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வழி செய்தார். பக்கவாத்தியத்தை மட்டும் இசைத்தட்டில் பதிந்து விற்றார். மேலே நீங்கள் வாசித்துக்கொள்ள வேண்டியது. ஒரே சிக்கல், தட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கிவிடும்.

1990-ல் கனடாவின் பீட்டர் கேனன் 'பேண்ட்-இன்-எ-பாக்ஸ்' என்று ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தார். சி7, எஃப்7 என்று ஸ்வரக் கூட்டுகளை டைப் அடித்து, ஸ்விங்கா போஸா நோவாவா என்று சொல்லிவிட்டால் போதும். பியானோ, பாஸ், டிரம்ஸ் எல்லாம் கம்ப்யூட்டரே வாசிக்கும். வேகம் குறைந்தாலும் சுருதி அசையாது. இப்போது இதே வேலையை செல்போனில் செய்கிறது 'ஐரியல் ப்ரோ'. அதை உருவாக்கிய மசிமோ பியோல்காட்டி ஒரு பாஸ் கலைஞர். தன் வேலைக்கே உலை வைத்த தைரியசாலி!

இந்தக் கோஷ்டி சம்பளம் கேட்காது, டீ கேட்காது. எந்த முதலாளியும் ஏங்கும் ஊழியர். என்ன குறை?

உங்களையும் கேட்காது. அதுதான் குறை.

ஜாஸ் என்பது பேச்சு. நீங்கள் ஒரு வரி வாசித்து நிறுத்தினால், டிரம்மர் அதற்குப் பதில் சொல்வார். நீங்கள் உச்சிக்குப் போனால் பியானோக்காரரும் கூடவே ஏறுவார். சாஃப்ட்வேரோ, நீங்கள் அமர்க்களப்படுத்தினாலும் சரி, உட்கார்ந்து பஜ்ஜி தின்றாலும் சரி, பன்னிரண்டு பார் முடித்து அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

மேதை சார்லி பார்க்கர் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1936-ல் கான்சாஸ் சிட்டியில், மீசை முளைக்காத வயதில் மேடையேறி, நடுவில் வழி தவறினாராம். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தாராம். பையன் வெறியோடு சாதகம் செய்து, பத்து வருஷத்துக்குள் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்டார்.

ஆகவே, விரலில் ஏறும்வரை சாஃப்ட்வேரோடு வாசியுங்கள். அதைப்போல் பொறுமைசாலி கிடைக்க மாட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு நாளாவது மனிதர்களோடு வாசியுங்கள். சொதப்பினால் முகம் சுளிக்க ஒரு ஆள் வேண்டும் சார். சிம்பல் பறந்து வந்தால் நகர்ந்துகொள்ளலாம்!