பயிற்சிப் பணியில் மாண்டோரை மறக்கலாமா?

அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப்பாலம் கடந்து புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குச் செல்லும்போதெல்லாம், பிரெஞ்சுப் போர் நினைவிடத்தின் முன் சற்று நிற்பது என் வழக்கம். முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் எழுப்பப்பட்ட அந்த நினைவிடத்தில், ஆண்டுதோறும் ஜூலை 14-இல் மலரஞ்சலி செலுத்தப்படுகிறது. கடல் கடந்து மாண்டோரை மறவாத மரபு நம் ஊருக்கு உண்டு.

போர்க்களத்தில் அல்லாமல், அயல்நாட்டுப் படைக்குப் பயிற்சியளிக்கும் பணியில் இறப்போரை நாம் எவ்வாறு நினைவுகூர்கிறோம்? பூடானில் 1960-களின் தொடக்கம் முதல் இந்திய ராணுவப் பயிற்சிக் குழு இயங்கிவருகிறது. 2019 செப்டம்பர் 27 அன்று, அங்குள்ள யோங்புலா அருகே நம் ராணுவத்தின் சீட்டா ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. லெப்டினன்ட் கர்னல் நிலையிலிருந்த இந்திய விமானியும், நம் ராணுவத்திடம் பயிற்சி பெற்றுவந்த பூடான் கேப்டனும் உயிரிழந்தனர். அவ்விருவரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எந்த நாட்டுக்குப் பயிற்சியளிப்பது என்பது வேறு கேள்வி. இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சியளிக்கப்பட்டதைத் தமிழகம் 2012-இல் எதிர்த்தது. அவர்கள் பெங்களூருவின் எலகங்காவுக்கு மாற்றப்பட்டனர். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால், கொள்கையை வகுப்பது அரசு. ஆணையை ஏற்றுச் செல்பவர் வீரர். கொள்கை மீதான கோபம் அவரது மரணத்தின் மதிப்பைக் குறைக்கலாகாது.

அயல்நாட்டுப் பயிற்சிப் பணியில் மாண்டோரின் பெயர்களை மத்திய அரசு தொகுத்து, ஆண்டுக்கொரு நாள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வேண்டும். அந்தப் பட்டியலில் பயிற்றுவித்தவர் பெயரும் பயின்றவர் பெயரும் அருகருகே இடம்பெறட்டும்.