பதற்றம் தலைமைக்குத் தடையா?

கூகுள் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் டமோர் எழுதி, 2017 ஆகஸ்டில் வெளியே கசிந்த பத்துப் பக்கக் குறிப்பு, மென்பொருள் துறையிலும் அதன் தலைமைப் பொறுப்புகளிலும் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பாகுபாடு மட்டும் காரணமன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயுள்ள உயிரியல் வேறுபாடும் ஒரு காரணம் என்று வாதிட்டது. மதுரையில் பிறந்தவரும் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலருமான சுந்தர் பிச்சை, குறிப்பின் சில பகுதிகள் நிறுவனத்தின் நடத்தை விதிகளை மீறுவதாக அறிவித்தார். எழுதியவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். வாதம் அவரோடு போய்விடவில்லை. ஓர் இளம்பெண் பொறியியல் குழுவொன்றின் தலைமைக்கு வரும்போதெல்லாம், தகுதியால் வந்தாரா சலுகையால் வந்தாரா என்ற கேள்வியோடு அந்தப் பத்துப் பக்கங்களும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டிருப்பதால், கேள்விக்கு அப்பாற்பட்டவை போலவே அவை இன்றும் நடமாடுகின்றன.

ஆண்களுக்குப் பதவி வேட்கை அதிகம் என்பது அக்குறிப்பின் கூற்றுகளில் ஒன்று. பதவியை விரும்புவது வேறு, பதவிக்குரிய வேலையைச் செய்து முடிப்பது வேறு என்பதற்கு மேல் அதற்கு மறுமொழி தேவையில்லை.

பெண்களின் நாட்டம் பொருள்களைவிட மனிதர்கள்மேல் மிகுதி, ஆகவே நிரலாக்கத்தில் அவர்கள் குறைவு என்பது இன்னொரு கூற்று. அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுள் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, 2010களில் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உயிரியல் ஒரு தலைமுறைக்குள் பாதியாகத் தேய்வதில்லை. தேய்ந்தது எதுவென்று தேட வேண்டிய இடம் பள்ளியும் கல்லூரியும் வேலைக்கு ஆள் எடுக்கும் அறையும்தான்.

இவற்றையெல்லாம்விடக் கேடானது, பதற்றம் குறித்த கூற்றாகும். உளவியலார் ஆளுமையை அளக்கக் கையாளும் ஐந்து பண்புகளுள் ஒன்றான மனக்கலக்கம், அதாவது கவலைக்கு எளிதில் ஆட்படுவதும் நெருக்கடியைத் தாங்க இயலாமையும், சராசரியில் பெண்களிடம் மிகுதி என்றும், நெருக்கடி மிக்க பணிகளில் அவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம் என்றும் குறிப்பு கூறுகிறது. மென்பொருள் பொறியியல் என்னும் துறை எப்படி உருவாயிற்று என்பதை அறிந்த எவரும் இப்படி எழுதியிருக்க முடியாது. பிழை நேர்ந்துவிடுமோ என்ற ஓயாத கவலையே அத்துறையின் அடித்தளம். அந்தக் கவலையை ஒழுங்குமுறையாக மாற்றியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் மார்கரெட் ஹாமில்டன்.

1936இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்த ஹாமில்டன், எர்ல்ஹாம் கல்லூரியில் கணிதம் பயின்று, கணவர் சட்டம் படிப்பதற்காகப் பாஸ்டன் பகுதிக்கு வந்தபோது எம்ஐடியில் வானிலை அறிஞர் எட்வர்ட் லொரென்சிடம் நிரலெழுதும் வேலையில் சேர்ந்தார். பின்னர் எதிரி விமானங்களைக் கண்டறியும் சேஜ் பாதுகாப்புத் திட்டத்திலும், 1960களின் நடுவில் எம்ஐடி கருவியியல் ஆய்வகத்திலும் பணியாற்றினார். சந்திரப் பயணத்துக்கான அப்போலோ கலத்தின் கணினிக்கு நிரல் எழுதப்பட்டது அந்த ஆய்வகத்தில்தான். புதிதாக வந்தவர் என்பதால் ஆளில்லாத பயணம் ஒன்றுக்கான நிரலில் ஒரு சிறு பகுதியே அவருக்கு முதலில் தரப்பட்டது; பயணம் இடையில் முறிந்தால் மட்டுமே இயங்க வேண்டிய அப்பகுதிக்கு வேலையே வராது என்று எல்லோரும் நம்பியதால், ‘மறந்துவிடு’ என்று பொருள்படும் பெயரையே அதற்கு அவர் சூட்டினார். பயணம் முறிந்தது, அப்பகுதி இயங்கியது, அதை விளக்கக்கூடியவராக அவர் ஒருவரே இருந்தார். அவருடைய தலைமை அங்கிருந்து வளர்ந்தது.

அந்தக் கணினியின் அமைப்பை அறிந்தால்தான் அங்கே கவலைக்கு இருந்த மதிப்பு விளங்கும். அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்களையும் (ஒரு சொல் என்பது பதினாறு இருமக் குறிகளின் தொகுப்பு) அழித்தெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்களையும் மட்டுமே கொண்டிருந்தன. நிலையான நினைவகம் கயிற்று நினைவகம் எனப்பட்டது: கம்பி ஒரு காந்த வளையத்தின் உள்ளே நுழைந்து சென்றால் ஒன்று, வெளியே ஒதுங்கிச் சென்றால் சுழி என்னும் முறையில், முழு நிரலும் மாசசூசெட்ஸின் வால்தம் நகர ஆலையில் பெண் தொழிலாளர்களின் கைகளால் கம்பிகளாகக் கோக்கப்பட்டது. கோத்து முடித்த பிறகு ஒரு வரியைத் திருத்துவதென்றால் அந்தப் பகுதியை மீண்டும் செய்ய வேண்டும். கலம் புறப்பட்ட பிறகு அதுவும் இயலாது. அத்தகைய இடத்தில், எது தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி எண்ணிப் பார்ப்பவரைத்தான் பொறுப்பில் அமர்த்த வேண்டும்.

ஹாமில்டன் இரவுகளிலும் வார இறுதிகளிலும் தம் சிறு மகள் லாரனை ஆய்வகத்துக்கு அழைத்து வருவது வழக்கம். விண்வெளி வீரர்களைப் போல் விளையாட விரும்பிய குழந்தை, பயண ஒத்திகைக்கான சிமுலேட்டரின் விசைகளைத் தட்டியபோது, கலம் பறந்துகொண்டிருக்கும் நிலையில் பி01 என்னும் நிரலைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஏவுதளத்தில் நிற்கும்போது மட்டுமே இயங்க வேண்டிய அந்நிரல் நடுப்பயணத்தில் தொடங்கியதும் ஒத்திகை நிலைகுலைந்தது. வீரர்களும் இதே தவற்றைச் செய்யலாம், தடுப்பதற்குச் சில வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். தவறு செய்யாதபடி பயிற்சி பெற்றவர்கள் அவர்கள் என்று கூறி, மேலிருந்தவர்கள் அதை மறுத்தனர். பறக்கும்போது பி01ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று ஆவணத்தில் ஒரு குறிப்பு எழுதுவதற்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், தேர்ந்த வீரரான ஜிம் லவல் அதே பி01ஐத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தார். கலம் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்கிறது என்று கணினி எடுத்துக்கொண்டது. வழியறிவதற்கான தரவு குலைந்தது. தரையிலிருந்தவர்களும் வீரர்களும் முயன்று அதை மீட்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகே ஹாமில்டன் கேட்ட தடுப்பு நிரலில் ஏறியது.

அன்று அந்த ஆய்வகத்தில் கவலைப்பட்டவர் யார், கவலைப்படாதிருந்தவர்கள் யார் என்பதை டமோர் குறிப்பின் ஆதரவாளர்கள் ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்க வேண்டும். மூன்று உயிர்கள் பயணம் செய்யும் கலத்தில், நிதானத்துக்குப் பெயர்பெற்றவர்களின் மதிப்பீடு பிழைத்தது. கோரிக்கை மறுக்கப்பட்டவரின் மதிப்பீடு மெய்யாயிற்று. ஏழு மாதங்கள் கழித்து, 1969 ஜூலை 20 அன்று, அப்போலோ 11இன் இறங்குகலம் சந்திரத் தரையை நெருங்கும்போது கணினி 1202, 1201 என்னும் எச்சரிக்கைகளை எழுப்பியதும் இதே வகைச் செய்திதான். ரேடார் ஒன்றின் மின்னிணைப்பில் இருந்த குறை கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்க, கணினி நின்றுபோகாமல், முதன்மையற்ற வேலைகளைக் கைவிட்டுத் தன்னை மீளத் தொடங்கி, இறங்குவதற்கு வேண்டிய வேலைகளைத் தொடர்ந்தது. வேலைகளை முன்னுரிமைப்படி வரிசையாக்கும் அமைப்பை வகுத்தவர் ஹால் லேனிங். இறங்குகலத்தின் நிரலில் பலருடைய உழைப்பு இருந்தது. அனைத்தும் பழுதாகலாம் என்று முன்பே அஞ்சி எழுதும் மரபு அந்த ஆய்வகத்தில் வேரூன்றியிருந்ததால்தான் அக்கலம் இறங்கியது.

ஒரு ஹாமில்டனைக் காட்டிச் சராசரியை மறுக்க முடியாது என்பார்கள். பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தில், பெரும்பாலோர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே நிரல் எழுதிய முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள்; கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கம் அவர்கள் செய்ததுதான். பெண் பெயரில் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்கு மறுமொழி வராமையால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திடத் தொடங்கிய பிறகே ஷெர்லிக்கு வாய்ப்புகள் வந்தன. அக்கடிதங்களைப் பெற்றவர்கள் எந்தச் சராசரியையும் அளந்து பார்க்கவில்லை, பெயரை மட்டுமே பார்த்தார்கள். திறமைக்கும் தலைமைக்கும் நடுவே நிற்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்போலோ 11இன் தாய்க்கலக் கணினிக்கான நிரல் இன்று எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. கொலாசஸ் என்னும் தொகுதியைச் சேர்ந்த அந்நிரலின் ஒப்புதல் தாளில், 1969 மார்ச் 28 என்ற நாளுடன், அதை ஒப்படைத்தவர் எம். எச். ஹாமில்டன், கொலாசஸ் நிரலாக்கத் தலைவர் என்று பதிவாகியுள்ளது. அப்போது அவருக்கு வயது 32.