ராட்டினத்திலும் பங்கு வேண்டும்

திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டு, முதல் வார இறுதியும் முடிந்துவிட்டது. அங்கே என்ன புதுசு என்று எல்லோரும் பட்டியல் போட்டுவிட்டார்கள். 611 கோடி ரூபாய் முதலீடு. 60 ஏக்கருக்கு மேல் பரப்பு. 43 விளையாட்டுகள். கால்கள் அந்தரத்தில் தொங்க, ஆளைத் தலைகீழாகச் சுழற்றிக்கொண்டு போகும் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டர். அலைக்குளம், நீர்ச்சறுக்கு, உயரத்தில் ஓடும் ரயில். செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பெருமை என்கிறார்கள். இருக்கட்டும்.

பட்டியலில் விட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. அந்த முதல் சனிக்கிழமை, டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள். காலனிகளில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அதே நாளில், பழைய மாமல்லபுரம் சாலையில் கார்கள் இள்ளலூருக்குப் போய்க்கொண்டிருந்தன. ராட்டினத்துக்கும் அம்பேத்கருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

பிரிவு 15, உட்பிரிவு 2. மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. கிணறு, குளம், படித்துறை, சாலையும் அதே உட்பிரிவில்தான் வருகின்றன. தண்ணீர் எடுக்கும் உரிமையும் கேளிக்கை இடத்துக்குப் போகும் உரிமையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தமும் பொதுக் கேளிக்கை இடத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அங்கே நம்மைத் தடுப்பது குற்றம்.

இந்த வரிகள் சும்மா வந்துவிடவில்லை. இதே செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம்; பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்களுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களும் மற்றவர்களைப் போலவே போகலாம் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு செப்டம்பரில் அது அரசாணையானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். பிறகு சட்டம் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, குளமும் தெருவும் கேளிக்கை இடமும் ஒரே பட்டியலில் ஏறின.

அதனால் ராட்டினம் நமக்குத் தூரமான விஷயம் அல்ல. இன்னும் சொன்னால், ஊரைவிட இப்படிப்பட்ட இடம்தான் நம் பிள்ளைகளுக்கு அதிகம் தேவை. கிராமத்தில் கொண்டாட்டம் என்றால் கோயில் திருவிழா. பல ஊர்களில் தேர் எந்தத் தெரு வரை வரும் என்பதிலேயே சண்டை. ஏரியில் குளிப்பது, திடலில் கிரிக்கெட் ஆடுவது என எல்லாவற்றிலும் 'நீ யார் வீட்டுப் பையன்?' என்ற கேள்வி கூடவே வருகிறது. பூங்காவின் வரிசையில் அந்தக் கேள்வி கிடையாது. பக்கத்து இருக்கையில் இடுப்புப் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு அலறப் போகிறவன் எந்தத் தெருக்காரன் என்று யாருக்கும் தெரியாது. அலைக்குளத்தில் எல்லோரும் ஒரே தண்ணீரில் நனைகிறார்கள். கிணற்றுத் தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிய சமூகத்துக்கு, 43 விளையாட்டுகளையும்விடப் பெரிய புதுமை இதுதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் வரை போய்ச் சேர்வது எப்படி?

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய். சிறுவருக்குச் சற்றுக் குறைவு. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று ஒரு குடும்பம் போனால் 5,000 ரூபாயைத் தாண்டிவிடும். சாப்பாடும் பேருந்தும் தனி. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால்தான். ஒரு நாள் விளையாட்டுக்குப் பதினைந்து நாள் கூலி. சட்டம் திறந்துவைத்த கதவில் இப்போது கட்டணம் காவல் நிற்கிறது.

ஏழை என்றால் எல்லாச் சாதியிலும் ஏழைதானே, இதில் தலித் பிரச்சினை எங்கே வந்தது என்பார்கள். எல்லா ஏழைகளும் வெளியேதான் நிற்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலம் இல்லாமல் கூலியை மட்டுமே நம்பி வாழ்கிறவர்களில் யார் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். சாதி உருவாக்கிய ஏழ்மையைப் 'பொதுவான ஏழ்மை' என்று பெயர் மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடாது. கையில் சீட்டு இருந்தாலும் போதாது என்பதையும் பார்த்திருக்கிறோம். 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில், சீட்டை நீட்டிய நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர் உள்ளே விட மறுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. படத்தின் தணிக்கைச் சான்றைக் காரணம் காட்டியது நிர்வாகம். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் கதவு திறந்தது.

கட்டணம் எப்படிச் சுவராக மாறும் என்பதை அமெரிக்க வரலாறு நன்றாகக் காட்டுகிறது. அங்கே கறுப்பின மக்களுக்குப் பல பொழுதுபோக்குப் பூங்காக்களின் கதவுகள் அடைபட்டிருந்தன. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் தன் ஆறு வயது மகளைக் குறிப்பிடுகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த 'ஃபன்டவுன்' பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று அவள் கேட்கிறாள். அது கறுப்புப் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்ல நேரும்போது அப்பனின் நாக்குப் புரளவில்லை. வாக்குரிமைக்காகவும் வேலைக்காகவும் போராடிய தலைவர், ஒரு குழந்தையின் ராட்டின ஆசையைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் பால்டிமோர் அருகே க்வின் ஓக் பூங்கா வாசலில் பெரும் போராட்டம் நடந்தது. பாதிரியார்கள் உட்பட ஏறக்குறைய 300 பேர் கைதானார்கள். ஆகஸ்ட் 28 அன்று அந்தப் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. வாஷிங்டனில் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள். ஒரு வயதுகூட நிறையாத ஷரோன் லாங்லி என்ற கறுப்பினக் குழந்தை அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறினாள். அந்த ராட்டினம் பின்னாளில் வாஷிங்டனின் தேசியத் திடலுக்குக் கொண்டுவரப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. கதவுகள் திறந்த பிறகு, டிராமில் ஏறிப் போகக்கூடிய பழைய நகரப் பூங்காக்கள் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புதிய பெரிய பூங்காக்கள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், கார் இருந்தால்தான் போக முடியும் என்ற தூரத்தில் எழுந்தன. முன்பு உள்ளே போகக் காசு கேட்காமல், ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு வாங்கும் பூங்காக்கள் இருந்தன. இப்போது வாசலிலேயே மொத்தக் கட்டணம். 'கறுப்பர் வரக் கூடாது' என்ற பலகை போன இடத்தில் விலைப்பலகை வந்து நின்றது. பலகையை எதிர்த்து வழக்குப் போடலாம். விலையை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? நெடுஞ்சாலை, தூரம், வாசல் கட்டணம்: இள்ளலூருக்கும் இந்த மூன்றும் பொருந்துகின்றன.

தனியார் நிறுவனம், அவர்கள் போட்ட முதல், அவர்கள் வைத்த விலை. இதில் நமக்கென்ன பேச்சு என்று சொல்ல முடியாது. இந்தப் பூங்காவுக்குப் பொதுப்பணமும் துணை நிற்கிறது. 10 விழுக்காடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து தமிழ்நாடு அரசு அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. முதலீடு வேண்டும், வேலை வேண்டும் என்ற நியாயம் இருக்கலாம். ஆனால் உள்ளாட்சிக்கு வரவேண்டிய பணம் அது. ஊராட்சியில் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் கேட்டு முதலில் மனு கொடுக்கிறவர்கள் காலனிக்காரர்கள்தான். கடைசியில் கிடைப்பதும் அவர்களுக்குத்தான்.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஜி.எஸ்.டி.யைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பன்னிரண்டு பேர் சீட்டு வாங்கினால் விட்டுக்கொடுத்த வரி ஏறக்குறைய ஒரு பிள்ளையின் நுழைவுச் சீட்டுக்குச் சமம். அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒரு ஏழைப் பிள்ளை உள்ளே போவதற்கான பணத்தை அரசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பிள்ளைதான் இன்னும் உள்ளே போகவில்லை.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு மாணவர் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று அரசு பெயர் சூட்டியது. பெயர் நல்லது. அந்த விடுதி மாணவர்களுக்கும், மாவட்டத்தின் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் கட்டணமில்லா நுழைவு வேண்டும். கூட்டம் குறைந்த வேலை நாட்களில் கொடுத்தால் நிறுவனத்துக்கும் பெரிய இழப்பு இல்லை. கல்லூரி அடையாள அட்டைக்குச் சலுகை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு விடுதி அடையாள அட்டையும் கண்ணில் படட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. இந்தச் செலவை ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதியில் எழுதிவிடக் கூடாது. அந்தப் பணம் படிப்புக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் உரியது. அதை வேறு கணக்கில் திருப்பிய அனுபவம் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வரிவிலக்கால் மிச்சமாகும் பணம் இருக்கிறது. நிறுவனச் சட்டம் சொல்லும் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. அவற்றிலிருந்து வரட்டும்.

இரண்டாவது, வேலை. இப்படிப்பட்ட இடங்களில் துப்புரவு ஒப்பந்தம் வந்தால் நம் ஆட்களைக் கூப்பிட யாரும் மறப்பதில்லை. ராட்டினத்தை இயக்கவும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் கணக்கு எழுதவும் எத்தனை பேரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மாவட்டத்தின் ஐ.டி.ஐ.களில் ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளூர் வேலையில் நம் பங்கு எவ்வளவு, எந்தப் பணியில் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

முதலில் சுடுகாட்டுப் பாதை, பட்டா, உதவித்தொகை. விளையாட்டெல்லாம் பிறகு என்று நம்மிலேயே சிலர் சொல்வார்கள். அந்தப் போராட்டங்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் 'உனக்கு இது போதும்' என்று அளந்து கொடுப்பதுதான் சாதியின் வேலை. கஞ்சி போதும், கூரை போதும், பழைய துணி போதும் என்று சொன்னார்கள். புதுச்சட்டை போட்டதற்கும் மாப்பிள்ளை குதிரையில் ஏறியதற்கும் அடித்தார்கள். நம் சந்தோஷம் அவர்களுக்கு எப்போதுமே உறுத்தியிருக்கிறது. அந்த அளவுகோலை நாமே எடுத்து நம் பிள்ளைகளை அளக்க வேண்டாம்.

அரையாண்டு விடுமுறை வருகிறது. பிறகு காணும் பொங்கல். வழக்கம்போல மாமல்லபுரம் கடற்கரையும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் நம் மக்களால் நிறையும். இள்ளலூரைச் சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேருந்து கடந்து போகும். அதற்குள் விடுதி மாணவர்கள் ஒன்றுகூடி, பிரிவு 15-ஐ மேற்கோள் காட்டி, ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம். தவறாமல் ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.